எருமையின் பங்கு

கிரிவலப் பாதையில் புதிதாகத் திறந்திருக்கும் ஆர்கானிக் கடைக்குள் போன வாரம் நுழைந்தபோது, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயின் வாசம் மூக்கில் ஏறி, கண்ணாடி அலமாரி, ஏசி, பாதாம் பால் கேட்டு நின்ற வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. தொண்ணூறுகளில் அது மாட்டுவண்டிக்காரர்களும் சித்தாள்களும் குடியிருந்த எங்கள் தெரு. கடை நிற்கிற இடத்தில் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் எருமைக் கொட்டகை இருந்தது. எண்ணெய் மில்லிலிருந்து வாங்கிவந்த கடலைப் புண்ணாக்கை உடைத்துத் தொட்டியில் போட்டுவிட்டு அக்கா தெருக்குழாய்க்குப் போவார். குடம் நிரம்பி அவர் திரும்புவதற்குள் நான் பாதியைத் தின்றிருப்பேன். அதையே இன்று டப்பாவில் அடைத்து ‘புரோட்டீன்’ என்று விற்கிறார்கள். அந்த வகையில் இந்தக் கடையின் முதல் வாடிக்கையாளன் நான்தான்.

என் உடம்பு தேறத் தேற எருமையின் பால் குறைந்தது. டீக்கடைக்காரர் இனி வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அக்காவின் வீடோ அந்தப் பாலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எருமைக்குக் கண்ணுபட்டுவிட்டது என்று தெரு முடிவுகட்டியது. அக்கா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எருமைக்குச் சுற்றினார். நான் பரம சாதுவாக வேடிக்கை பார்த்தேன்.

“நீயும் வந்து பக்கத்துல நில்லுடா,” என்றார்.

“எனக்கு எதுக்குக்கா?”

“ரெண்டு பேரும் ஒரே தொட்டியிலதான துன்றீங்க? அதுக்குத் துப்பத் தெரியாது, அதுக்கும் சேர்த்து நீயே துப்பு.”

ஆறு முறை துப்பினேன். நாலே நாளில் பால் ஏறியது. திருஷ்டி கழிந்தது என்று தெருவே பேசிக்கொண்டது. அக்கா கடைசிவரை யாரையும் திருத்தவில்லை.