மழைக்கு ஒரு ஜோடி டயர்

அந்த டயரில் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எடுத்தது நான்தான். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காதவளிடம் டயர் வாங்கும் வேலையைக் கொடுத்தால் வேறு எப்படி ஆகும்?

என் கணவர் எனக்கு மாமி மகன். சிறு வயதிலிருந்தே மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதால் இன்றும் அப்படித்தான். கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை, வீடு உத்தமபாளையத்தில். அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பஸ் கொஞ்சம் வேகம் எடுத்தால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்வார். கிணற்று ஓரத்துக்கு வரமாட்டார். என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தால் வீட்டிலிருந்து பள்ளிவாசல் முக்கு வரைக்கும் "மெதுவா, மெதுவா" தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கேலி செய்வேன். "பேய்க்கு இருட்டு எதுக்கு, நீ வண்டி ஓட்டுனாப் போதுமே" என்பார். அந்தப் பயத்தோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அது ஒரு குறை என்றே நினைத்திருந்தேன்.

சர்க்கரை இருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு சைக்கிள் வந்தது. குமுளியில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மூலையில் சாத்தி வைத்திருந்த மவுண்டன் பைக். முன்னால் ஸ்பிரிங், கைப்பிடியில் பக்கத்துக்கு ஒரு கியர். ஆசை அறுபது நாள், அதற்குப் பிறகு துணி காயப்போட உதவும் என்று விட்டுவிட்டேன். மச்சான் ஞாயிறுதோறும் விடிந்ததும் வாய்க்கால் கரை மண்பாதையில் போய்வருவார். கரை நெடுக சீமைக்கருவேலம். டயரோ வழுக்கை. சுற்றிலும் துருத்திக்கொண்டு நிற்க வேண்டிய பட்டன்கள் தேய்ந்து ரப்பர் மழுங்கிப் போயிருந்தது. பாதிநாள் போன் வரும்: "பஞ்சர்." நான் ஸ்கூட்டியில் போனால், ஒரு தோப்பு ஓரமாக சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் உருட்ட, நான் கூடவே ஊர்ந்து வர, வயலுக்குப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஒருநாள் சரளை மண்ணில் முன்சக்கரம் இழுத்துவிட்டது. முழங்கையில் தோல் உரிந்து, முகம் வெளிறி வந்தார். "இனிமே தார் ரோட்டுலதான் ஓட்டுவேன்" என்றார். காரணம் டயர் என்று கண்ணுக்குத் தெரியும்போது சும்மா இருப்பது என் குணம் இல்லை. போனில் டயர் பற்றிய வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். அடுத்த வாரம் அவரை இழுத்துக்கொண்டு தேனிக்குப் போனேன்.

கடை வாசலில் மாலை மாதிரி டயர்கள் தொங்கின. விலை குறைவு என்று மச்சான் அதில் ஒன்றைத் தொட்டார். நகத்தால் கீறிப் பார்த்தேன். வெயிலில் கிடந்து வறட்டி போல ஆகியிருந்தது. மடக்குக்குள் மெல்லிய வெடிப்பு. "தொங்குறது வேணாம், உள்ள இருக்கறத எடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். சுருட்டி மடிக்கிற வகை எடை குறைவு, விலை அதிகம். ஓரத்தில் கம்பி வைத்தது கனம், ஆனால் பாதி விலை. ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு எடையைப் பற்றி என்ன கவலை? கம்பி வைத்ததையே கேட்டேன். முன்னால் பட்டன் பெரிதாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். திருப்பத்தில் மண்ணைக் கவ்வுவது அதுதான். பின்னால் பட்டன் நெருக்கமாக இருந்தால் சீக்கிரம் தேயாது. பக்கச் சுவரை விரலால் அழுத்தி, தடிமனாக இருந்ததை எடுத்தேன். முள் பெரும்பாலும் அங்கேதான் ஏறும்.

"காத்த மட்டும் கல்லு மாதிரி அடிச்சிராதீக பாய்" என்றார் கடைக்காரர். நம் ஊரில் டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, அமுங்காவிட்டால்தான் மனசு ஆறும். "கொஞ்சம் அமுங்கணும். அப்பத்தான் மண்ணப் புடிக்கும். இந்த டயருல நீங்க மேகமலைக்கே போகலாம்."

மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பஞ்சர் என்று போன் வரவே இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. வாய்க்கால் கரையைத் தாண்டி அடிவாரத் தோட்டங்கள் வரைக்கும் போனார். பிறகு சின்னமனூரில் மேகமலை எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போய், ஓட்டிக்கொண்டே இறங்கி வர ஆரம்பித்தார். முதல் தடவை நான் நம்பவில்லை. பஸ்ஸில் போனாலே மூணாவது கொண்டை ஊசி வளைவில் கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் அவர். சேறும் அட்டைக் கடியுமாக வந்து, கால் கழுவாமல் நின்றுகொண்டு கதை சொன்னார். முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு களை. சர்க்கரை குறைந்தது. தெருவில் எல்லோரும் "பாய் வயசு கொறஞ்சுட்டாக" என்று சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தவர் மெதுவா என்று சொல்வதை நிறுத்திவிட்டிருந்தார். அது ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை.

பெருநாள் கழிந்து என் அண்ணன் குடும்பத்தோடு காரில் மேகமலைக்குப் போனோம். ஒரு வளைவில் மச்சான் காரை நிறுத்தச் சொன்னார். "இங்கனதான் நான் எறங்குறது" என்று என்னைக் கூட்டிப்போனார். பஸ் வராத நாளில் எஸ்டேட் லைன் வீட்டுத் தொழிலாளர்கள் நடந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கொஞ்ச தூரத்தில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பாறை முதுகு. அதன் வெளி ஓரமாகத்தான் போக முடியும்.

"இந்த எடத்துல மட்டும் எறங்கி உருட்டிட்டுப் போயிருவேன்" என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

நான் குனிந்து பார்த்தேன். பாறைக்கு முன்னால் சேறு காய்ந்து இறுகியிருந்தது. அதில் என் டயரின் தடம்; அந்தப் பட்டன் எனக்குத் தெரியாதா? விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கோடு போட்டதுபோல் நேராகப் போயிருந்தது. பக்கத்தில் செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை. உருட்டிக்கொண்டு போகிறவர் பறந்தா போனார்?

விறகுக் கட்டோடு கீழேயிருந்து ஏறி வந்த எஸ்டேட் அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "ஆத்தா, ஓரத்துல நிக்காதீக. போன மழைக்கு அங்கன ஒரு பசு உருண்டுருச்சு. கத்துனது மட்டும் கேட்டுச்சு. எடுக்க ஆருமே எறங்கல." சொல்லிவிட்டு மூச்சு வாங்கியபடி மேலே போனார். நான் எட்டிப் பார்த்தேன். கீழே மூடுபனி, எவ்வளவு ஆழம் என்றுகூடத் தெரியவில்லை.

காரில் அண்ணன் குடும்பம் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மச்சான்தான் பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, செருப்புத் தடம் எங்கே என்று கேட்டேன். கோபத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எறங்கி உருட்டுனாத்தான் புள்ள வழுக்கும்" என்றார் பொறுமையாக. "மேல இருந்தா டயரு புடிச்சுக்கும். நீ எடுத்த டயரு சும்மாவா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கடை கடையாகப் பார்த்து, நகத்தால் கீறி, நல்லதாக வாங்கி வைத்திருக்கிறேன். அழுதேன், பேசாமல் இருந்து பார்த்தேன், சர்க்கரைக்கு வாக்கிங் போதாதா என்று டாக்டரை விட்டும் சொல்ல வைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஞாயிறு விடிந்தால் சைக்கிள் போய்விடும். சுபுஹு தொழுதுவிட்டு நான் துஆ கேட்பேன்: சின்னமனூர் போய்ச் சேருவதற்குள் ஒரு முள் ஏறட்டும். நல்ல நீளமான முள்ளாக இருக்கட்டும். இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் அத்தனை கருவேலத்திலும் அவருக்கென்று ஒரு முள் இல்லை. மதியம் வாசலில் பெல் சத்தம் கேட்கும்வரை அடுப்பில் என்ன வைத்தேன் என்றே எனக்குத் தெரியாது.

ஐப்பசியை நம்பியிருந்தேன். மழை பிடித்துக்கொண்டால் அந்த ரோட்டில் ஜீப்காரர்களே யோசித்துத்தான் வண்டியை எடுப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு ஆர்வம் குறைந்துவிடும், இல்லை முதுகாவது வலிக்கும் என்று கணக்குப் போட்டேன். புரட்டாசி முடியும்போது மச்சான் சொன்னார்: "டயர் தேஞ்சு போச்சு. தேனிக்குப் போயிட்டு வருவமா? நீ வந்து எடு. உன் கைதான் எனக்கு ராசி."

அதே கடை. கடைக்காரர் பழைய டயரைத் தடவிப் பார்த்தார். "நல்லா ஒழச்சிருக்கு பாய். இதையே போட்டுரலாமா? எந்த மாதிரி எடத்துல ஓட்டுறீக?"

"மேகமலைல எறங்குற பாதை. பாறைதான். மழைக்கு ஈரமா கெடக்கும்ல, அதுக்குத் தோதா வேணும். பாறையத் தாண்டுனா ஒரு ஓடை, கல்லெல்லாம் பாசி. அப்புறம் சறுக்கா ஒரு எறக்கம், குறுக்க மரத்து வேரு."

எனக்குப் பாறை வரைக்கும்தான் தெரியும். ஓடையைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. எறக்கத்தைப் பற்றியும் சொன்னதில்லை. கடைக்காரர் கேட்ட ஒரு கேள்விக்கு, வீட்டில் என்னிடம் சொல்லாத மலை முழுவதையும் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"மழைல அங்கன ஆரும் போக மாட்டாகளே பாய்" என்றார் கடைக்காரர்.

"டயரு நல்லா இருந்தாப் போகலாம்ல?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு வகையை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கெட்டி ரப்பர். விலையும் குறைவு, வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் ஈரப் பாறையில் நிற்காது. இன்னொன்று மெத்தென்ற ரப்பர். சீக்கிரம் தேய்ந்துவிடும், ஈரத்தில் பிடிக்கும். மச்சான் ஒதுங்கி நின்று எனக்கு இடம் விட்டார்.

கெட்டியை எடுத்தால் ஒரு வழுக்கலில் பயந்து வாய்க்கால் கரைக்குத் திரும்பி வருவார் என்று ஒரு மனசு சொன்னது. அந்த முதல் வழுக்கல் பாறை ஓரத்தில் வந்தால்? மெத்தென்றதை எடுத்தால் பாறையைத் தாண்டிவிடுவார், ஓடையைத் தாண்டிவிடுவார். அதற்கு அப்புறம் எங்கே போவார் என்று அவருக்கே தெரியாது. கட்டைவிரலால் அழுத்தினேன். ரப்பர் அமுங்கி மெதுவாக மேலே வந்தது. நல்ல சரக்கு. இதையே குடுங்க என்றேன்.

"ஏன் அதையே புடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்று மச்சான் கேட்டார்.

"பயமா இருக்கு மச்சான்."

"எனக்கு இல்லயே" என்றார், குழந்தையைத் தேற்றுவதுபோல. "முன்ன மாதிரி இல்ல புள்ள நானு."

"அதத்தான் சொல்றேன்."

அவருக்கு அது காதில் விழவில்லை. நாங்கள் கழற்றிக் கொண்டுவந்திருந்த சக்கரங்களில் கடைக்காரர் டயரை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மச்சான் வாசலுக்குப் போய் உள்ளங்கையை நீட்டி, வானத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் விடாமப் பேயணும்" என்றார்.