கேரவனில் ஏற்காடு: கழிவறைக்குள் நான் ஏற்றிய ஆறு பெட்டி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை கொரட்டூரில் கிளம்பி, ஞாயிறு சாயங்காலம் திரும்பினோம். நான், என் மனைவி ஸ்டெல்லா, ஓட்டுநர் தாஸ். மொத்தம் மூன்றே பேர். இரண்டு பேர் ஏற்காடு போவதற்கு எதற்குக் கேரவன் என்று எங்கள் தெருவே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் நேராகவே கேட்டார்: "இன்னா மாமே, ஹீரோ ஆயிட்டியா? சொல்லவே இல்ல!" நம் ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டிதானே.

காரணம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஸ்டெல்லாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு அவளால் சிறுநீரை அடக்க முடியாமல் போனது. மருந்து, பயிற்சி எல்லாம் செய்து இப்போது முக்கால்வாசி சரி. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. அண்ணன் மகன் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போகவில்லை. வருடம் தவறாமல் போன வேளாங்கண்ணியை விட்டுவிட்டாள். பூந்தமல்லி வரை போவதென்றால்கூட காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. என்ன மாதிரி ஊட்லயே குந்திகினு கீறவங்க படிக்கட்டும்" என்றாள். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

கழிவறையோடு போகிற வண்டி இருந்தால் வருவாள் என்பது என் கணக்கு. இந்த முறையும் வழியில் அசிங்கப்பட்டுவிட்டால் இனி எப்போதும் வாசற்படி தாண்ட மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஆறு வாரம் திட்டமிட்டேன். அம்பத்தூரில் குழாய், பாத்ரூம் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். சைக்கிள் கேரியரில் குழாய்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்று வந்தவன். தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும், கூட்டமும் அதிகம். ஏற்காடு கிட்டே. இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான் பிரச்சினை. பாரிவாக்கத்தில் ஷூட்டிங்குக்குக் கேரவன் விடும் ஒருவரிடம் மூன்று வண்டிகள் இருந்தன. பஸ் மாதிரி இருந்த பெரிய இரண்டையும் விட்டுவிட்டேன். மூன்றாவது, வேன் அளவு. கையோடு கொண்டுபோன அளவு டேப்பில் அளந்தேன்: நீளம் ஆறரை மீட்டர், மேலே ஏசி பெட்டியோடு உயரம் 2.9 மீட்டர். நல்ல தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர், கழிவுத் தொட்டி 80 லிட்டர். வாடகை நாளுக்கு ₹8,000. நாளுக்கு 300 கிலோமீட்டர் வரை டீசல் அவர்களுடையது, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ₹24. ஓட்டுநர் பேட்டா நாளுக்கு ₹800. கழிவறையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, எத்தனை நொடியில் இறங்குகிறது என்றுகூடப் பார்த்தேன். முதலாளி சிரித்தார். சிரிக்கட்டும்.

ஒரு நாள் ஸ்டெல்லாவை அழைத்துப்போய்க் காட்டினேன். கட்டில், டிவி, அடுப்பு எதையும் அவள் பார்க்கவில்லை. நேராகக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து "வரேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஓட்டுநர் தாஸ் முத்தாபுதுப்பேட்டைக்காரர், ஐம்பதை நெருங்குபவர். மலைக்கு ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "அண்ணாத்தே, டேங்கர் லாரியில நீலகிரிக்கே பதினோரு வருசம் ஏறி எறங்கினவன் நானு. ஆனா இந்த வண்டிய மலைக்கு ஓட்னது இல்ல. இத ஸ்பாட்ல போட்டுட்டுத் தூங்கறதுதான் வேல" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சரியான தூக்கமில்லை.

இப்போது நான் செய்த தப்பு.

புதன்கிழமை ஏற்காட்டிலிருந்து போன். நாங்கள் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்திருந்த காட்டேஜ்காரர், புதிதாக ஆறு அறைகள் கட்டுகிறார். பிளம்பர் சனிக்கிழமை மட்டும்தான் வருவாராம். குழாயும் பாத்ரூம் சாமானும் வெள்ளி சாயங்காலத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தால் இரண்டு நாள் பார்க்கிங், கரண்ட் எல்லாம் இலவசம். பதினான்கு பெட்டி. பெட்டிக்கு 21 கிலோ.

எங்கள் தொழிலில் வண்டியைக் காலியாக அனுப்புகிறவனைப் பைத்தியக்காரன் என்போம். காலி வண்டி ஒன்று ரோட்டில் போவதைப் பார்த்தாலே எனக்குப் பொறுக்காது. முப்பது வருடப் பழக்கம். வியாழன் சாயங்காலம் வண்டியைக் கடைக்கு வரவழைத்து ஏற்றினேன். எட்டுப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. ஆறு மிச்சம். நடுவழியில் வைத்தால் பிரேக் போடும்போது சரியும். கழிவறைக்குள் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. வேலூர் வரை நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, அங்கே டிபன் சாப்பிடும்போது இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாஸ் தலையைச் சொறிந்தார். "அண்ணாத்தே, இது பேசஞ்சர் வண்டி. லோடு ஏத்தக்கூடாது."

"லோடு இல்ல தாஸு, சொந்த சாமான்."

"சொந்த சாமானா? ஆறு பேசின் எதுக்கு, ரெண்டு பேருக்கு?"

நான் கழிவறைக் கதவைச் சாத்தினேன். வீட்டில் ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லவில்லை.

வெள்ளி காலை 5.10க்குக் கிளம்பினோம். 6.05க்கு ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஹோட்டலில் ஒரு முறை நிறுத்தினோம், ஸ்டெல்லா போய்வந்தாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக, ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து காபி குடித்தாள். பிளாஸ்கிலிருந்து இரண்டாவது டம்ளரும் ஊற்றிக்கொண்டாள். "இதுலதான் எல்லாம் கீதே, இன்னா பயம்?" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

காவேரிப்பாக்கம் தாண்டி வேலை நடக்கும் ஒரு பாலத்துக்கு முன்னால் டிராபிக் நின்றது. 7.20. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. பத்து நிமிடம், இருபது நிமிடம். ஸ்டெல்லா எழுந்து பின்னால் போனாள். கதவைத் திறந்த சத்தம் கேட்டது. மூடிய சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே என் கடைப் பெயர் அச்சடித்த ஆறு பெட்டிகள், தரையிலிருந்து அவள் தோள் உயரத்துக்கு.

"எடுங்க" என்றாள்.

நானும் தாஸும் பாய்ந்தோம். மேல் பெட்டி ஒன்று கதவுச் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. கச்சிதமாக உட்கார்ந்தது என்று சொன்னேனே, அதே கச்சிதம். ஆறையும் வெளியே எடுக்க ஏழு நிமிடம் ஆனது. நான்காவது பெட்டி எடுக்கும்போதே நேரம் கடந்துவிட்டது. அவள் அழவில்லை. பையிலிருந்து வேறு புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

தாஸ் ரோட்டோரம் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எத்தினியோ ஹீரோயினுக்கு வண்டி ஓட்டிட்டேன் அண்ணாத்தே. கக்கூஸ்ல கடைய வெச்ச ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

டிராபிக் நகர்ந்தது. உள்ளேயிருந்து ஒரே குரல் வந்தது: "வண்டியத் திருப்பச் சொல்லுங்க. ஊட்டுக்குப் போலாம்."

திருப்ப வேண்டிய இடம் நான்கு கிலோமீட்டரில் வரும் என்றார் தாஸ். அந்த நான்கு கிலோமீட்டர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. திருப்பினால் பயணம் போனது மட்டுமில்லை, அவள் வாழ்க்கை முழுக்க அந்த வீட்டுக்குள்தான். திருப்பாவிட்டால் அவள் சொன்னதை நான் இன்னொரு முறை கேட்காதவன் ஆவேன். கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்: "வேலூர்ல பார்சல் ஆபீஸ் கீது. பெட்டியெல்லாம் அங்க எறக்கிடறேன். அதுக்கப்புறமும் திருப்பணும்னா திருப்பிடறேன். சத்தியமா."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தாஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். திருப்ப வேண்டிய இடம் வந்தபோது நேராகவே ஓட்டினார்.

வேலூர் பார்சல் ஆபீஸ் 9.15. நடுவழியில் கிடந்த ஆறு பெட்டிகளையும் இறக்கி ரசீது வாங்கினேன். ஏறும்போது ஸ்டெல்லா வெளியே வந்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் எறக்கிட்டீங்களா?"

"எறக்கியாச்சு."

"கட்டிலுக்கு அடியில கீறது?"

இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவளிடம் எதை மறைப்பது? அந்த எட்டையும் இறக்கினேன். தாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டே தூக்கிக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் ஸ்டெல்லா குனிந்து கட்டிலுக்கு அடியில் தானே பார்த்தாள். "சரி, ஓட்டுங்க தம்பி" என்றாள் தாஸிடம். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கிருஷ்ணகிரியில் 12.10க்குச் சாப்பாடு. தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் தாஸ் சின்ன கியரிலேயே இறக்கினார். நான் சீட்டுக் கைப்பிடியை விடவேயில்லை. 4.05க்கு ஏற்காடு அடிவாரம். மலை ஏறும்போது ஒன்பதாவது வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. நாங்கள் பாதி வளைவில் நின்று பின்னால் வர வேண்டியிருந்தது. நான் குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கொடுக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜன்னலிலிருந்து ஸ்டெல்லா கத்தினாள்: "ஏங்க, கல்லப் போட்டுட்டு ஏறுங்க! அவருக்குக் கண்ணாடியில ரோடே தெரியல, நீங்கதான் நடுவுல நிக்கிறீங்க!" வேலூருக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. திட்டுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

5.20க்கு மேலே சேர்ந்தோம். மீட்டரில் 381 கிலோமீட்டர். பெட்டி வராததால் காட்டேஜ்காரர் முகம் கொடுக்கவில்லை. பார்க்கிங்குக்கு ராத்திரிக்கு ₹1,000 வாங்கிக்கொண்டார், நியாயம்தான். முற்றம் சரிவு. பலகை வைத்து மட்டப்படுத்த முக்கால் மணி நேரம் ஆனது. மட்டமில்லாவிட்டால் கழிவுத் தொட்டித் தண்ணீர் எதிர்த்து வரும் என்று தாஸ் சொல்லியிருந்ததால், படுத்த பிறகும் மூன்று முறை எழுந்து பார்த்தேன்.

மறுநாள் ஏரிக்கு நடந்தோம். வண்டியிலிருந்து 900 மீட்டர். வாட்சைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஸ்டெல்லா நின்றாள். "வாட்ச பாக்காதீங்க. நீங்க பாத்தாத்தான் வருது" என்றாள். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன். வரிசையில் நின்று, பெடல் படகில் ஏறி, சுற்றிவிட்டு இறங்கினோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் நேரம் எழுத முடியாமல் போன ஒரே இடம் அதுதான்.

ஞாயிறு காலை 7.30க்கு இறங்கினோம். தொப்பூர் தாண்டி ஒரு டீக்கடையில் தாஸ் டயரைப் பார்க்க நிறுத்தினார். கேரவன் கதவு திறந்துதான் இருந்தது. ஸ்டெல்லா அதில் ஏறாமல், கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கதவுக் கழிவறையைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இல்லை. டீக்கடை அம்மாவிடம் ஏதோ பேசினாள். அந்த அம்மா கரண்டியோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றார். ஸ்டெல்லா உள்ளே போய்விட்டு வந்தாள்.

"நான் நின்னிருப்பேனே" என்றேன், வண்டி ஏறியதும்.

"நிப்பீங்க. எவனாவது வந்து மொத்த ரேட்டு கேட்டா பேசிகினே போயிடுவீங்க."

தாஸ் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏழு மீட்டருக்கு மேல் நீளமான வண்டியை ஏற்காட்டுக்கு எடுக்காதீர்கள். மலை ஏறும் முன் கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். மேலே காலி செய்ய இடம் கிடைப்பது கஷ்டம், எங்களிடம் ₹300 வாங்கினார்கள். காட்டேஜில் 15 ஆம்ப் பிளக் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், இல்லாவிட்டால் ஏசி ஓடாது. மூன்று நாளுக்கு வாடகை, பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து எனக்கு ₹30,700 ஆனது. இரண்டு பேருக்கு இது அதிகம். ஆறு பேர் போனால் கட்டுப்படியாகும். காவேரிப்பாக்கம் பக்கம் பால வேலை முடியும் வரை காலை ஐந்துக்கு முன் கிளம்புங்கள். வண்டியில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்பதை, யாருக்காக அந்த வண்டியை எடுத்தீர்களோ அவரிடம் கேளுங்கள். ஆறு வாரம் எல்லாவற்றையும் அளந்த நான் அதை மட்டும் கேட்கவில்லை.

இதை அம்பத்தூர் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்டெல்லா இன்று காலை கோயில் பெண்களோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டாள். சாதாரண பஸ்தான், கழிவறை இல்லாதது. நானும் வரவா என்றதற்கு, பெண்கள் மட்டும் என்றாள். கிளம்பியதிலிருந்து மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கல்லாவில் ஆள் நிற்கிறார், என்ன கேட்கிறார் என்று காதில் ஏறவில்லை. நான்காவது முறை எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சலும் பாட்டுச் சத்தமும்.

"விழுப்புரம் தாண்டிட்டோம். ரெண்டு வாட்டி நிறுத்தச் சொன்னேன், நிறுத்துனாங்க. நல்லாத்தான் கீறேன். நீங்க போன வெச்சுட்டு யாவாரத்தப் பாருங்க."