அம்மாவின் விரலுக்குப் பூஜ்யம்

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில், பத்தாவது படிக்கும் பக்கத்து வீட்டு ரேவதி தமிழ்த் தேர்வுத் தாளைக் காட்டினாள். உவமை அணிக்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள்.

"நாற்று நட்டு வந்த அம்மாவின் விரல்கள் ஊறிய அவல் போல இருந்தன" என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம்.

"இன்னாண்ணா, தப்பாவா எழுதிக்கீறேன்?"

முன் சீட்டில் அவளுடைய தமிழாசிரியர். எழுந்துபோய்க் கேட்டேன்.

"நோட்ஸுல இருக்கறத எழுதுனாத்தான் மார்க்கு, தம்பி. பப்ளிக் பேப்பர் திருத்தறவனுக்கு இவங்கம்மா கையப் பாக்க நேரம் கீதா?"

"புரிஞ்சிக்கினுதானே சார் எழுதிக்கீது?"

"புரிஞ்சி இன்னா பண்றது? பாஸாவ வேணாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேவதி பயந்துபோய் அந்த வரியை அடித்துவிட்டு, நோட்ஸில் உள்ள "நிலவு போன்ற முகம்" என்பதை எழுதிக்கொண்டாள்.

நாள் முழுக்க வெயிலில் களையெடுத்துவிட்டு நிலவு போன்ற முகத்தோடு வீடு திரும்பும் அம்மா யாருக்காவது இருந்தால், கமெண்டில் போட்டோ போடுங்கள். சாருக்குக் காட்டுகிறேன்.