எங்கள் வீட்டில் டீ குடித்த பிரதமர்

பருவமழைக்கு முன்னால் பதவிக்கு வந்து, மழை ஓய்வதற்குள் ராஜினாமா செய்துவிட்டுப் போன அந்தப் பிரதமரைப் பலருக்கு இன்று நினைவே இல்லை. எனக்கு மறக்காது. செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்த மனிதர் அவர்.

நாடே திண்டாடிக்கொண்டிருந்த நேரம். வங்கி வாசலில் எல்லாம் கூட்டம், கேஸ் சிலிண்டருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. அவர் வந்ததும் முதல் காரியமாக, செலவைக் குறைக்கிறேன் என்று பொதுத்துறை நிறுவனங்களில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தினார். என் கணவர் அப்படி ஒரு தொழிற்சாலையில் பல வருஷமாக வெல்டர். ஒரு நாள் காலையில் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே வைத்திருந்த மாற்றுச் சட்டையைக்கூட எடுக்க விடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து தில்லியிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். பிரதமர் செகந்திராபாத் வருகிறாராம், சாதாரணக் குடும்பம் ஒன்றோடு பேச ஆசைப்படுகிறாராம். நாங்கள் தமிழ்க்காரர்கள், தெலுங்கும் ஹிந்தியும் பேசுகிறோம், வீட்டில் ஒருவருக்கு வேலை போயிருக்கிறது. எல்லாம் பொருந்திவிட்டதாம். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நேரில் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார் என்று நம்பினேன்.

அன்று காலையிலேயே ஆட்கள் வந்து ஜன்னலுக்குப் புதுத்திரை மாட்டினார்கள். சமையலறையில் நிறை சிலிண்டர் ஒன்றை இறக்கி அடுப்போடு இணைத்தார்கள். நான் ஒரு மாதமாகக் கரண்ட் அடுப்பில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அதிகாரி என் கணவரிடம் ஹிந்தியில் சொன்னார்: "கஷ்டம்தான், ஆனாலும் சமாளிக்கிறோம். பிரதமரிடம் இவ்வளவு சொன்னால் போதும்."

காலேஜில் படிக்கும் என் மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். "நக்கோ நான்னா, வேண்டாம்ப்பா, அப்படிச் சொல்லாதீங்க."

பிரதமர் கேமராக்காரர்களோடு வந்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு இஞ்சி வாசனையைப் பாராட்டினார். பிறகு, "வாழ்க்கை எப்படிப் போகிறது?" என்று கேட்டார். என் கணவர் எழுந்து நின்றார்.

"சாப், அங்கே வெல்டிங் வேலை நிற்கவில்லை. எங்களைத்தான் நிறுத்தினீங்க. திரும்ப எப்போ கூப்பிடுவீங்க?"

பிரதமர் சிரித்தபடி அவர் தோளைத் தட்டினார். "தைரியமாக இருங்கள். உங்கள் பொறுமையை நாடு மறக்காது." மரியாதைக்கு இவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், கேமராவை அணைத்துவிட்டார்கள்.

கார்கள் தெருமுனை திரும்புவதற்குள் சிலிண்டரைக் கழற்றினார்கள். "அதையாவது விட்டுட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டேன். "அது படப்பிடிப்புக்கு வந்தது, மேடம்" என்றார் அதிகாரி. சொல்வதற்கு அவருக்குக் கூச்சமே இல்லை.

மறுநாள் டிவியில் இவர் கேட்ட கேள்வியைக் காணோம். தலையாட்டியது மட்டும் வந்தது. அதன் மேல் பிரதமரின் குரல்: "ஹைதராபாதில் ஒரு தொழிலாளி என்னிடம் சொன்னார், நாங்கள் சமாளிக்கிறோம் என்று."

மாடி வீட்டுக்காரியின் புருஷனுக்கும் வேலை போயிருந்தது. படியில் பார்த்தபோது, "உங்களுக்கென்ன அக்கா, நீங்கதான் சமாளிக்கிறீங்களே" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கணவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். வேலை போனபோதுகூட அவர் அப்படி ஒடுங்கியதில்லை.

சொந்தக் கட்சிக்காரர்களே ஆதரவை விலக்கியதும் பிரதமர் பதவியை விட்டார். விடைபெறும் பேச்சிலும் எங்களை இழுத்தார். சமாளித்த குடும்பமாம்!

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. தொழிற்சாலை கேட்டுக்கு எதிரில் வேலை போனவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நேராகப் போய் மைக்கை வாங்கினேன். நடந்ததை ஹிந்தியிலும் என் அரைகுறைத் தெலுங்கிலும் சொன்னேன். கோபம் முற்றிய இடத்தில் தமிழ்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மாடி வீட்டுக்காரி எழுந்து வந்தாள். "இதை ஏன் அக்கா முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றேன்.

அவள் என் பக்கத்திலேயே நின்றாள். அன்று சாயங்காலம் அவள் புருஷன் வந்து இவரைப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த பிரதமர் சிலரைத் திரும்ப எடுத்தார். இவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கொண்டாப்பூரில் அபார்ட்மெண்ட் பால்கனிகளுக்குக் கிரில் அடிக்கிறார். வெயிலில் நின்று அடிக்கிற வேலை.

போன வாரம் டிவியில் அந்த முன்னாள் பிரதமர். ஏதோ கருத்தரங்கு. கடினமான முடிவுகளை எடுத்த நாட்கள் தன்னை எவ்வளவு வருத்தின என்று பேசிக்கொண்டிருந்தார்.

"விடு, அணைச்சிடு" என்றார் இவர்.

அணைக்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை டிவிக்கு முன்னால் நின்றுகொண்டே திட்டித் தீர்த்தேன்.