வாலில் தெரிந்த வரி

பக்கத்து ஃப்ளாட் பெண் வாங்கிவந்த சாம்பல் நீலப் பூனைக்குட்டியின் வாலில் மங்கலாக வரிகள் தெரிந்ததும், நினைவில் என் சின்ன வயது ஆவடி குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டேன்.

அன்று வாசலில் இருந்தவர்கள் நான், அம்மா, எதிர்வீட்டு ஆபீசரம்மா. என் மடியில் சாம்பல் நீலத்தில் எங்கள் குட்டி.

"எங்க வெளிநாட்டுப் பூனை போட்ட குட்டி இது. குடுத்துடும்மா" என்றார் ஆபீசரம்மா.

நான் குட்டியை இறுக்கிக்கொண்டேன். அம்மா வாலை வெயிலில் தூக்கிக் காட்டினாள்.

"இன்னாம்மா நீங்க, வரி கீது பாருங்க! ஜாதிப் பூனைக்கு ஏது வரி? குப்பத்தொட்டியாண்ட கெடந்தது இது."

ஆபீசரம்மா முகம் சுளித்துப் போய்விட்டார். நான் குதித்த குதியில் தண்ணீர்க்குடம் உருண்டது.

"வளர்ந்தா இந்த வரி மறைஞ்சிடும் ஆன்ட்டி. நீல நிறத்துல அசல் ஜாதிப் பூனைக்கும் குட்டியில வரி இருக்குமாம்" என்றாள் பக்கத்து ஃப்ளாட் பெண், தன் குட்டியின் வாலைத் தடவியபடி.

எங்கள் குட்டிக்கும் மறைந்துதான் போனது. ஆபீசரம்மா இப்போதும் எதிர்வீட்டில் இருப்பதுபோல், எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டேன்.