காதில் விழுந்தது மட்டும்

மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்து, கேட்டு, அப்படியே எழுத்தில் இறக்குவதுதான் எங்கள் மொழி ஆய்வுக்கூடத்தில் எனக்கும் பக்கத்து மேசை அக்காவுக்கும் வேலை. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். திக்கினால் திக்கல், இருமினால் இருமல், பேசாமல் இருந்தால் நொடிக்கு ஒரு புள்ளி. காதில் விழுந்ததை எழுத வேண்டும், நமக்குப் புரிந்ததை எழுதக் கூடாது. அக்கா இதில் புலி. புள்ளியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபது வருடமாக அவள் எழுதியதில் யாரும் கை வைத்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு, மறைப்பானேன்.

அவள் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். ஒவ்வொரு வாசலிலும் அரை மணி வாயடிப்பார். மாலையில் அத்தனை வாசல் கதையும் கைச்சரக்கோடு அக்காவிடம் வந்து சேரும். போன வருடம் பக்கவாதம் வந்தது. கை கால் தேறியது, பேச்சு தேறவில்லை. மிஞ்சியது ஒரே சொல். பசிக்கிறதா என்றாலும் “பாத்துக்கலாம்”, மாத்திரை போட்டாச்சா என்றாலும் “பாத்துக்கலாம்”.

“திட்டினாக்கூடப் போதும்டீ. ஆனா அவரா யோசிச்சு, புதுசா ஒண்ணு சொல்லித் திட்டணும்,” என்பாள் அக்கா. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் ஏங்கிக் கிடந்தாள்.

எங்கள் பேராசிரியை அக்காவை விடச் சின்னவள். அவள் வகுப்பெடுப்பது எங்கள் மேசை வரை கேட்கும். “நாய் பசிச்சா குரைக்கும். ஆனா நேத்து பசிச்சுதுன்னு சொல்லுமா? நம்மகிட்ட இருக்கறது கொஞ்சம் ஒலிதான். அத வச்சு இதுவரைக்கும் யாருமே சொல்லாத வாக்கியத்த சொல்றோம். கண்ணு முன்னாடி இல்லாததப் பத்திப் பேசறோம்.” வருடா வருடம் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டவள் அக்கா. இந்த வருடம் அந்த வகுப்பு வந்ததும் ஹெட்ஃபோனை இறுக்கி மாட்டிக்கொண்டாள்.

பிறகுதான் அந்தப் பதிவு வந்தது. பக்கவாதத்தில் பேச்சுப் போன வேறொரு முதியவருடையது. அக்கா எழுதிக் கொடுத்தாள். பேராசிரியை ஒலியைப் போட்டபடி தாளைப் பார்த்தாள், மறுபடியும் போட்டாள்.

“அக்கா, இவர் சொன்னது நாலே வார்த்தை. தாள்ல அரைப் பக்கம் இருக்கே. மீதி யாரோடது?”

அக்காவின் முகம் செத்துவிட்டது. புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் வாக்கியமாக நிரம்பியிருந்தது. “வீட்ல இப்படியே பழகிப்போச்சும்மா. அவர் வாயத் தொறந்தாலே நானே சொல்லி முடிச்சிடறேன். அவர் திணர்றதப் பாக்க முடியல,” என்றாள்.

பேராசிரியை தாளை மடித்து வைத்தாள். “அந்த நாலையும் அவரே தேடிப் பிடிச்சு சேத்திருக்கார்க்கா. பேச்சுன்னா அதுதான்.”

அன்றிலிருந்து அக்கா வீட்டில் வாயைப் பூட்டிக்கொண்டாள். அவர் தொடங்கினால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். முதல் வாரம் முழுக்கப் பாத்துக்கலாம்தான். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

மூன்றாவது வாரம் ஒரு காலை, பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைக்கு வந்து நின்றாள். முந்தின நாள் வேலை முடிந்து அவள் செருப்பைக் கழற்றும்போது அவர் கூப்பிட்டாராம். வெகு நேரம் வாயசைத்தாராம். சொன்னாராம். நிறுத்தி நிறுத்தி, அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள்:

“நீ... போனா... வீட்டுக்கு... காது கேக்கல.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “நீ இல்லாம வீடே வெறிச்சோடிப் போயிடுதுங்கறார், இல்லக்கா?” என்றேன்.

“நீ ஒண்ணும் சேக்காத,” என்றாள் அக்கா. “அவர் சொன்னது அவ்வளவுதான்.”