பொடியின் மேல் போட்ட சிலுவை

இரும்புச் சட்டியில் பெருங்காயம் பொரியும் வாசனை வந்தால், அம்மா "வாயுப் பொடி" இடிக்கப்போகிறாள் என்று லிங்கராஜபுரத்தில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரிந்துவிடும். சுக்கு, ஓமம், சீரகம், திப்பிலி எல்லாம் வறுத்து இடித்துச் சலித்து, இந்துப்பு கலந்து டப்பாவில் கொட்டி, கரண்டியால் மேலே தடவிச் சமமாக்கி, விரலால் ஒரு சிலுவை போட்டு மூடுவாள். ஆசீர்வாதத்துக்கு என்பாள். யாராவது கை வைத்தால் அது கலைந்துவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த மழைக்காலத்தில் அப்பா என்னைச் சைக்கிளில் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது, முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் பாதியிலேயே இறங்கி நின்று, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்துப் பொடியை வாயில் போட்டுக்கொள்வார். "வாயுதாம்மா. அம்மாகிட்ட சொல்லாதே, பேஜாராயிடுவா" என்றார். நான் யாரிடம் பேசினேன், இதைச் சொல்ல?

ஒருநாள் அம்மா டப்பாவைத் திறந்தபோது சிலுவை அப்படியே இருந்தது, பொடி மட்டும் இறங்கியிருந்தது. அம்மா என் காதைத் திருகினாள். "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கினு, தின்னுட்டு சிலுவை வேற போட்டு வைக்கிறியாடி?"

இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். அதற்குள் அப்பா மேட்டில் நிற்பது போய், கல்லின் மேல் உட்கார ஆரம்பித்திருந்தார். மூன்றாம் முறை அம்மா காதைப் பிடித்தபோது, டப்பாவை இழுத்து என் விரலை அந்தச் சிலுவைக் கோட்டில் வைத்தேன். கோடு என் விரலைப்போல் இரண்டு பங்கு அகலம் இருந்தது. அம்மா தன் விரலை வைத்துப் பார்த்தாள், அதைவிடவும் அகலம்தான். என் காதை விட்டுவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சோதித்த டாக்டர், இது வாயு இல்லை, இருதயம் என்றார். வெளியே வந்ததும் அப்பா என்னைப் பார்த்து, "சொல்லிட்டியா கண்ணு?" என்றார்.

"சொல்லலப்பா."

"ஆமா, இவ வாயத் தொறந்துட்டாலும்!" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார்.

அதன்பின் சைக்கிளை விட்டார். டாக்டர் மாத்திரையோடு அம்மா மருதம்பட்டைக் கஷாயமும் கொடுத்தாள். என் கல்யாணம் வரை இருந்தார்.

இப்போது அந்த மேட்டில் கல்லும் இல்லை, நிற்க இடமும் இல்லை, வண்டிகள்தான். பொடி பாக்கெட்டில் வருகிறது. நான் மட்டும் மிக்சியில் அரைத்து, சிலுவை போட்டு மூடி வைக்கிறேன். வீட்டில் வேறு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. மாடிப்படி ஏறினால் எனக்கும் நெஞ்சை அடைக்கிறது. இந்த வாரம் நான்கு முறை நானே கலைத்து, நானே போட்டேன்.

இதை எழுதி முடித்ததும் மகனைக் கூப்பிட்டு டப்பாவைக் காட்ட வேண்டும்.